5.6 கோடி ஆண்டுக்கு முந்தைய சூடேற்றம்: ஓட்டில் வெப்பநிலை எடுப்பது எப்படி? இன்றைய நிலைமையோடு ஒப்பிடலாமா?

வகுப்புக்குறிப்பு கேட்டது:

பேலியோசீன் முடிந்து இயோசீன் தொடங்கும் எல்லையில், அதாவது சுமார் 5.6 கோடி ஆண்டுக்கு முன்னால், பூமியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸ் ஏறியதாகப் படிக்கிறோம். பேலியோசீன்-இயோசீன் வெப்ப உச்சம், பி.இ.டி.எம். என்று சுருக்கி எழுதுவார்களே, அதுதான். கல்லூரி முதலாண்டுப் பாடக்குறிப்புக்கு இதை எடுத்திருக்கிறேன். "அன்றையதைவிட இன்றைய சூடேற்றம் வேகமானது" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் "அப்பவே அஞ்சு டிகிரி ஏறுச்சு, உசுருங்க பொழைச்சுத்தானே வந்திருக்கு?" என்று ஒருவன் எழுந்து கேட்டால் அந்த ஒரு வரி நிற்காது.

கடல் ஓட்டிலிருந்து வெப்பநிலையை எப்படி எடுக்கிறார்கள், பிழை எங்கே நுழையும்? வேகத்தை எப்படிக் கணக்கிட்டார்கள்? அவ்வளவு பழைய சேற்றில் ஆயிரம் ஆண்டுத் துல்லியம் சாத்தியமா? நிலத்து உயிர்களுக்கு என்ன ஆனது? ஆய்வகத்தில் கை வைத்துச் செய்கிற அளவில் சொன்னால் நல்லது.

கடலடிச்சேறு பதில்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், அதுவே நீளம்.

வேலை ஃபோராமினிஃபெராவோடு. மணல் துணுக்கு அளவுக்குச் சுண்ணாம்பு ஓடு கட்டும் ஒற்றைச் செல் உயிர்கள். சில மேற்பரப்பில் மிதக்கும், சில கடலடியில் கிடக்கும். ஒரே கரண்டிச் சேற்றில் இரண்டும் கிடைப்பதால் மேல்நீர், அடிநீர் இரண்டின் வெப்பநிலையும் கையில் வந்துவிடும். இந்தக் காலத்துக்கு மேற்பரப்பில் மொரோசோவெல்லா, அகாரினினா. சற்று ஆழத்தில் சப்போட்டினா. கடலடியில் நட்டல்லைடஸ் ட்ரூயெம்பியை. 1991இல் கென்னட், ஸ்டாட் இருவரும் அண்டார்டிகாவுக்கு அருகே மாட் ரைஸ் என்ற கடலடி மேட்டில் தோண்டிய 690ஆம் துளையில் இதைத்தான் செய்தார்கள். பி.இ.டி.எம். பேச்சு சூடு பிடித்தது அங்கிருந்துதான்.

சுமார் 10 கன செ.மீ. சேற்றை 50 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்த வேண்டும். பிறகு தண்ணீரிலோ, நீர்த்த சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட்டிலோ ஊறவைத்து 63 மைக்ரான் சல்லடையில் அலச வேண்டும். கெட்டிக் களிமண் பிரியவில்லை என்று ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுபவர்கள் உண்டு. அதை அம்மோனியா சேர்த்துக் காரப்படுத்தாமல் ஊற்றினால் அமிலத்தன்மை ஓட்டையே அரித்துவிடும். ஒவ்வொரு மாதிரிக்கும் இடையில் சல்லடையை மெத்திலீன் ப்ளூ கரைசலில் முக்கி எடுங்கள். முந்தைய மாதிரியின் ஓடு கண்ணியில் சிக்கியிருந்தால் நீலமாகிவிடும், அடுத்த மாதிரியில் அது வந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். எல்லைப் படிவில் 1 செ.மீ. மேலே கீழே இருப்பது இரண்டு வேறு உலகம். அங்கே ஒரே ஓர் அந்நிய ஓடு நுழைந்தாலும் வளைகோடு கோணிவிடும்.

உலர்ந்தபின் 250 முதல் 300 மைக்ரான் பகுதியைத் தனியாகச் சலித்து, நுண்ணோக்கியின் கீழ் ஈரமாக்கிய 000 எண் தூரிகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். குறுகிய அளவை வைப்பதற்குக் காரணம் உண்டு. மொரோசோவெல்லா தன் உடம்பில் பாசியை வைத்து வளர்ப்பது, ஆகவே ஓடு பெரிதாகப் பெரிதாக அதன் கார்பன்-13 (கனமான கார்பன்) அளவும் ஏறும். பெரியதையும் சிறியதையும் கலந்தால் சூழல் மாறாமலே வரைபடத்தில் மாற்றம் தெரியும். பொறுக்கியதைக் கண்ணாடித் தகடுகளுக்கிடையில் மெதுவாக உடைத்து, மெத்தனாலில் போட்டுச் சில நொடி அல்ட்ராசோனிக் கொடுத்தால் உள்ளே அடைந்திருக்கும் நுண்சுண்ணப் பொடி வெளியேறும். அது வேறு உயிரின் சுண்ணாம்பு, கணக்கைக் கெடுக்கும்.

பிறகு 50 முதல் 100 மைக்ரோகிராம் ஓட்டை 70 டிகிரியில் பாஸ்பாரிக் அமிலத்தில் கரைத்து, வரும் கார்பன் டை ஆக்சைடை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு அனுப்புவார்கள். ஆக்ஸிஜன்-18 (கனமான ஆக்ஸிஜன்) எவ்வளவு குறைவோ அவ்வளவு சூடான நீரில் கட்டிய ஓடு. ஏரெஸ், லூஸ் இருவரின் சமன்பாடு:

வெப்பநிலை = 17.0 − 4.52 × (ஓடு − நீர்) + 0.03 × (ஓடு − நீர்)²

ஓட்டின் ஆக்ஸிஜன்-18 மதிப்பு −2.0 பெர்மில் (நிலையான ஒரு மாதிரியிலிருந்து ஆயிரத்துக்கு எவ்வளவு விலகல் என்ற கணக்கு) என்று வையுங்கள். அன்று துருவப் பனிக்கட்டி இல்லை, அதில் அடைபடும் இலேசான ஆக்ஸிஜன் கடலிலேயே இருந்தது, ஆகவே கடல்நீரின் மதிப்பு சுமார் −1.0. நீருக்கும் ஓட்டுக்கும் அளவுகோல் வேறு, அந்த மாற்றத்துக்கு 0.27 கழித்தால் −1.27. வித்தியாசம் −0.73, விடை 20.3 டிகிரி. மறதியாக இன்றைய கடல்போல் நீருக்கு 0 போட்டுவிட்டால் வித்தியாசம் −1.73 ஆகி விடை 24.9. பனிக்கட்டியை மறந்த ஒரே தவறு 4.6 டிகிரியைக் கூட்டிவிட்டது, கிட்டத்தட்ட முழு பி.இ.டி.எம். அளவு! அதனால்தான் மொத்த வெப்பநிலையைவிட, ஒரே துளையில் ஒரே இனத்தில் 'எவ்வளவு ஏறியது' என்ற வித்தியாசத்தை அதிகம் நம்புகிறோம். நீரின் மதிப்பைத் தப்பாகப் போட்டாலும் கழிக்கும்போது அது பெருமளவு அடிபட்டுப் போய்விடும்.

கண்ணாடிஓடு பதில்:

மேலே சொன்னதில் ஒரு பெரிய ஓட்டை விட்டுப்போயிருக்கிறது. ஓடு எப்படிப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்காமல் எண்ணைப் பேசக்கூடாது.

ஆழ்கடல் வெள்ளைச் சுண்ணச் சேற்றில் கிடக்கும் பெரும்பாலான பழைய ஓடுகள் நுண்ணோக்கியில் சர்க்கரை தூவியதுபோல் மங்கலாக இருக்கும். மேற்பரப்பின் சூட்டில் கட்டிய சுண்ணாம்பு கரைந்து, கடலடியின் குளிரில் மறுபடி படிகமாகியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஆக்ஸிஜன்-18 ஏறி, வெப்பமண்டலக் கடல் குளிர்ந்தது போலக் காட்டும். பல வருடம் ஆராய்ச்சியாளர்களைக் குழப்பியது இதுதான். துருவம் சூடு, நிலநடுக்கோடு மட்டும் இன்றைவிடக் குளிர்ச்சி என்று விடை வந்துகொண்டே இருந்தது, எந்தக் காலநிலைக் கணினி மாதிரியாலும் அதை விளக்க முடியவில்லை. 2001இல் பியர்சன் குழு டான்சானியாவின் களிமண் படிவுகளிலிருந்து ஒளி ஊடுருவும் கண்ணாடி போன்ற ஓடுகளை எடுத்து அளந்தபோது வெப்பமண்டலமும் நன்றாகச் சூடாகத்தான் இருந்தது. களிமண் நீரை உள்ளே விடாது, அதனால் ஓடு தப்பியது. மாணவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். கணினி மாதிரி தப்பு என்று பல நாள் பேசினார்கள், கடைசியில் தப்பு ஓட்டில் இருந்தது.

ஆக்ஸிஜனை மட்டும் நம்பாமல் மக்னீசியம்-கால்சியம் விகிதமும் பார்க்கிறார்கள். சூடு ஏறினால் ஓட்டில் மக்னீசியம் ஏறும், பனிக்கட்டிப் பிரச்சினை இதில் கிடையாது. ஆனால் களிமண்ணில் மக்னீசியம் நிறைய. தண்ணீர், மெத்தனால், ஹைட்ரசீன், காரப் பெராக்சைடு, கடைசியில் மிக நீர்த்த நைட்ரிக் அமிலம் என்று வரிசையாகக் கழுவவேண்டும். கழுவிய பிறகும் அலுமினியம்-கால்சியம் விகிதம் உயர்ந்திருந்தால் களிமண் இன்னும் ஒட்டியிருக்கிறது, அந்த எண்ணைத் தள்ளிவிட வேண்டும். இன்னொன்று: இன்றைய கடல்நீரில் இந்த விகிதம் சுமார் 5.2, அன்று அதைவிடக் குறைவு. திருத்தாமல் போட்டால் வெப்பநிலை குறைவாக வரும்.

ஓடே இல்லாத இடத்துக்கு வேறு வழி உண்டு. 2004இல் ஆர்க்டிக்கின் லோமோனோசவ் முகட்டில் தோண்டிய படிவில் சுண்ணாம்பு கிடையாது. ஆர்க்கியா நுண்ணுயிர்களின் கொழுப்பு மூலக்கூறுகளை வைத்து அளந்ததில் வடதுருவத்துக்கு அருகே கடல் மேற்பரப்பு சுமார் 18 டிகிரியிலிருந்து 23 டிகிரிக்குப் போயிருக்கிறது. கொழுப்புக் கணக்கில் சந்தேகம் வந்தால், அதே படிவில் அபெக்டோடினியம் கிடைக்கிறது. சூடான நீரை விரும்பும் டைனோஃபிளாஜெல்லேட் (ஒற்றைச் செல் மிதவை உயிர்) அது, பி.இ.டி.எம். நேரத்தில் உலகெங்கும் திடீரென்று பெருகியது. வேதியியலும் உயிரும் ஒரே பக்கம் கை காட்டினால்தான் எண்ணை எழுதலாம் என்பது என் கட்சி.

கரிமக்கணக்கு பதில்:

வேகம் பற்றி. உங்கள் மாணவனுக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் பொறுமையாக.

முதலில் எவ்வளவு கார்பன் வந்தது என்று தெரிய வேண்டும். பி.இ.டி.எம்.-இல் கடல் ஓடுகளின் கார்பன்-13 சுமார் 3 பெர்மில் சரிந்தது. கார்பன்-13 குறைவான கார்பன் எங்கிருந்தோ வந்து கலந்திருக்கிறது. கடலிலும் காற்றிலும் சேர்த்து 40,000 கிகாடன் (ஒரு கிகாடன் நூறு கோடி டன்) கார்பன், அதன் தொடக்க மதிப்பு 0 என்று வைத்துக் கரும்பலகையில் போடலாம். வந்தது −60 பெர்மில் கொண்ட மீத்தேன் என்றால் சுமார் 2,100 கிகாடன் போதும். −25 கொண்ட கரிமப்பொருள் என்றால் 5,500. −6 கொண்ட எரிமலை வாயு மட்டும் என்றால் 40,000. அதே சரிவுக்கு இருபது மடங்கு இடைவெளி! மூலம் தெரியாமல் அளவு தெரியாது.

இடைவெளியைக் குறுக்க இரண்டு வழி. ஒன்று, கடலடியில் எவ்வளவு சுண்ணாம்பு கரைந்தது என்று பார்ப்பது. 2003இல் தென் அட்லாண்டிக்கின் வால்விஸ் முகட்டில் வெவ்வேறு ஆழத்தில் வரிசையாகத் துளையிட்டார்கள். வெள்ளைச் சுண்ணச் சேறு கத்தியால் வெட்டியதுபோல் நின்று, செம்பழுப்புக் களிமண் பட்டை வரும், மேலே போகப் போக மெதுவாக மறுபடி வெளுக்கும். ஆழம் அதிகமான துளையில் பட்டை தடிமன், ஆழம் குறைந்ததில் மெல்லியது. சுண்ணாம்பு கரைந்துபோகும் ஆழ எல்லை 2 கி.மீ.-க்கு மேல் உயர்ந்திருக்கிறது. மீண்டு வர ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் ஆனது. இரண்டாவது வழி, ஓட்டிலுள்ள போரான் ஐசோடோப்பால் மேல்நீரின் பி.எச். அளப்பது. பசிபிக்கில் சுமார் 0.3 சரிவு. குட்ஜார் குழு 2017இல் போரான் கணக்கிலிருந்து 10,000 கிகாடனுக்கு மேல் என்றும், பெரும்பகுதி வட அட்லாண்டிக் பிளந்தபோது வந்த எரிமலைக் கார்பன் என்றும் முடிவு கட்டியது. 1990களில் செல்வாக்காக இருந்த 'மீத்தேன் ஹைட்ரேட் மட்டும்' என்ற விளக்கத்துக்கு இப்போது அவ்வளவு பலமில்லை என்பது என் எண்ணம்.

இனி காலம். இதில்தான் அதிகம் வழுக்கும். ஆழ்கடலில் ஆயிரம் ஆண்டுக்கு 1 முதல் 2 செ.மீ. சேறுதான் படியும். புழுக்கள் மேலே உள்ள 5 முதல் 10 செ.மீ.-ஐக் கிளறிக்கொண்டே இருக்கும். போதாததற்கு அமிலமான நீர் முன்பே படிந்திருந்த சுண்ணாம்பையும் அரித்துத் தின்னும், ஆகவே தொடக்கப் பக்கமே பல இடங்களில் கிழிந்திருக்கும். பத்து ஓட்டைச் சேர்த்து அரைத்து அளந்தால் கார்பன்-13 படிப்படியாக இறங்குவதுபோல் தோன்றும். 690ஆம் துளையில் ஓடுகளை ஒவ்வொன்றாக அளந்தபோது, ஒவ்வொரு ஓடும் 'முன்பு' அல்லது 'பின்பு', இடைப்பட்ட மதிப்பே இல்லை. அந்தப் 'படிப்படி' புழு கிளறிய கலவை.

எதிர்ப்பக்கத் தவறும் நடந்திருக்கிறது. 2013இல் நியூ ஜெர்சியின் மில்வில் துளையில் களிமண்ணில் தெரிந்த மெல்லிய அடுக்குகளை ஆண்டு வளையம்போல எண்ணி, கார்பன் முழுவதும் 13 ஆண்டில் வந்தது என்று ஒரு கட்டுரை வந்தது. சுழன்று தோண்டும் துளைக்கருவி களிமண்ணைப் பிஸ்கட் பிஸ்கட்டாக உடைத்து, நடுவில் துளைச்சேற்றைத் திணிக்கும், நீங்கள் எண்ணியது அதைத்தான் என்று அடுத்த ஆண்டே மறுப்பு வந்தது. கோரில் (துளையிலிருந்து உருளையாக எடுத்த படிவில்) 'அடுக்கு' என்று எதைப் பார்த்தாலும் முதலில் துளைத் தொழில்நுட்பரைக் கேட்க வேண்டும்.

ஸீபி குழு 2016இல் அதே மில்வில் படிவில் ஆண்டுக் கணக்கே வேண்டாத தந்திரம் செய்தது. கார்பன் திடுமென்று வந்தால் கார்பன்-13 உடனே விழும், கடல் சூடாகக் கொஞ்சம் காலம் பிடிக்கும், ஆகவே ஆக்ஸிஜன்-18 பின்தங்க வேண்டும். அங்கே இரண்டும் ஒரே செ.மீ.-இல் சேர்ந்து இறங்குகின்றன. பின்தங்கல் தெரியாமல் இருக்க வேண்டுமானால் தொடக்கக் கட்டக் கார்பன் வர குறைந்தது 4,000 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். ஆண்டுக்கு 0.6 முதல் 1.1 கிகாடன். இன்று நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 10 கிகாடன் கார்பன். அதாவது பத்து மடங்கு. (செய்தித்தாள் 37 என்று போட்டால் குழம்ப வேண்டாம், அது கார்பன் டை ஆக்சைடின் எடை. 3.67-ஆல் வகுங்கள்.)

வேகம் ஏன் முக்கியம்? மெதுவாக வந்தால் கடலடிச் சுண்ணாம்பு கரைந்து அமிலத்தைச் சமன் செய்ய நேரம் கிடைக்கும், மேல்நீர் ஓரளவு தப்பும். கடல் ஒருமுறை கலந்து சுற்ற ஆயிரம் ஆண்டு அளவில் ஆகும். 200 ஆண்டில் கொட்டினால் அந்த நேரம் இல்லை, சுமை முழுக்க மேல்நீர் தலையில். அன்று 0.3 பி.எச். இறங்க ஆயிரக்கணக்கான ஆண்டு ஆனது, தொழிற்புரட்சிக்குப் பின் ஏற்கெனவே 0.1 இறங்கிவிட்டது.

"பொழைச்சுத்தானே வந்திருக்கு" என்பவரிடம் கடலடி ஃபோராமினிஃபெராவைக் காட்டுங்கள். இனங்களில் 30 முதல் 50 சதவீதம் அப்போது அழிந்தன. டைனோசரைத் தீர்த்த விண்கல்லைத் தாண்டிப் பிழைத்த கூட்டம் அது!

வகுப்புக்குறிப்பு கேட்டது:

இது போதும் போதும் என்கிற அளவுக்கு வந்துவிட்டது, நன்றி. இன்னும் மூன்று. நிலத்து உயிர்கள், பனிக்கட்டிக் கோரில் 'வெப்பநிலை முதலில் ஏறியது, கார்பன் டை ஆக்சைடு 800 ஆண்டு பின்னால்தான் ஏறியது' என்று சுற்றும் வாதம், அரியலூருக்கு மாணவர்களைக் கூட்டிப் போனால் பி.இ.டி.எம். படிவைக் காட்ட முடியுமா?

சோலைப்புல் பதில்:

அரியலூரில் முடியாது. அங்கே இருப்பது கிரெட்டேசியஸ் கடல். மேலே கிடக்கும் நின்னியூர்ப் படிவு பேலியோசீனின் முதல் கட்டமான டேனியன், அது சுமார் 6.16 கோடி ஆண்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. பி.இ.டி.எம். வருவதற்கு ஐம்பது லட்சம் ஆண்டுக்கு மேல் பாக்கி. இந்தியாவில் நெருங்கி வருவது குஜராத்தின் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். இயோசீன் தொடக்கக் காலம், அம்பரில் (இறுகிய மரப்பிசினில்) பூச்சி, பாலூட்டிகளின் பல், தாடை எல்லாம் கிடைத்த இடம்.

பக்கத்தில் காலநிலைப் பதிவு வேண்டுமானால் நீலகிரி சதுப்புக் கரி (மக்கிய தாவரப் படிவு, பீட்) இருக்கிறது. சுகுமார், ரமேஷ் முதலியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வு 20,000 ஆண்டுவரை போகிறது. கரியின் கார்பன்-13தான் அங்கே கருவி. ஒளிச்சேர்க்கை முறையில் மரங்களும் குளிர்நிலப் புற்களும் சி3 வகை, சுமார் −27 பெர்மில். வெப்பநிலப் புற்கள் சி4 வகை, சுமார் −12. பனியுகத்தின் உச்சத்தில் சி4 கை ஓங்கியிருந்தது, பிறகு பருவமழை பலப்பட்டு, சுமார் 11,000 ஆண்டுக்கு முன் சி3 உச்சத்துக்கு வந்தது. சோலையும் புல்வெளியும் மாறி மாறி இடம்பிடித்த கதை இது. ஒரு எச்சரிக்கை: பனியுகத்தில் கார்பன் டை ஆக்சைடு 190 பிபிஎம் (பத்து லட்சத்தில் 190 பங்கு) அளவில் இருந்தது, அதுவே சி4-க்குச் சாதகம். வறட்சி மட்டும் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். இன்னொன்று, பிற்கால வேர்கள் கீழே இறங்கிப் பழைய கரிக்குள் புகுந்திருக்கும். சலித்து எடுத்து, அமிலத்திலும் காரத்திலும் கழுவாமல் ரேடியோகார்பன் போட்டால் வயது குறைவாக வரும்.

பனிக்காற்று பதில்:

800 ஆண்டு வாதம். பனிக்கட்டியின் வயதும் அதில் அடைபட்ட காற்றின் வயதும் ஒன்றல்ல என்பதில் எல்லாம் தொடங்குகிறது. பனித்தூள் இறுகிக் குமிழி மூட 60 முதல் 100 மீட்டர் ஆழம் போக வேண்டும். அதுவரை மேற்காற்று உள்ளே வந்து போகும். ஆகவே காற்று எப்போதும் பனியைவிட இளசு. அண்டார்டிகாவின் உள்பகுதியில், பனிப்பொழிவு அற்பமான பனியுகக் காலத்தில், இந்த இடைவெளி சில ஆயிரம் ஆண்டு. வெப்பநிலையைப் பனியிலிருந்தும் கார்பன் டை ஆக்சைடைக் காற்றிலிருந்தும் எடுத்துவிட்டு, இடைவெளியைக் கொஞ்சம் தவறாகப் போட்டாலே 800 ஆண்டு வந்துவிடும்.

பரெனின் குழு 2013இல் அந்தக் காற்றிலேயே உள்ள நைட்ரஜன்-15 மூலம் பனித்தூள் அடுக்கின் தடிமனை அளந்து இடைவெளியைத் திருத்தியது. கடைசிப் பனியுகம் முடியும்போது அண்டார்டிக் வெப்பநிலையும் கார்பன் டை ஆக்சைடும் ஏறத்தாழச் சேர்ந்தே ஏறியிருக்கின்றன. ஷாக்குன் குழு 2012இல் உலகம் முழுக்க 80 பதிவுகளைச் சேர்த்துப் பார்த்ததில், உலகச் சராசரி வெப்பநிலை கார்பன் டை ஆக்சைடுக்குப் பின்னால்தான் பெரும்பாலும் வருகிறது. பூமியின் சுற்றுப்பாதை மாற்றம் தொடங்கி வைக்கிறது, கடல் கார்பனை விடுகிறது, அது மேலும் சூடாக்குகிறது. 'பின்னால் வந்தது' என்பதால் 'சூடாக்காது' என்று ஆகாது.

இன்னொன்று, பி.இ.டி.எம்.-ஐ வைத்துக் கடல்மட்டம் பேசாதீர்கள். உருகப் பனிக்கட்டியே அன்று கிடையாது. அதற்கு 30 லட்சம் ஆண்டுக்கு முந்தைய பிளியோசீன் நடுப்பகுதி பொருத்தம். கார்பன் டை ஆக்சைடு 360 முதல் 420 பிபிஎம், வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தையதைவிட 2.5 முதல் 4 டிகிரி அதிகம், கடல் 5 முதல் 25 மீட்டர் உயரம். அல்லது 1.25 லட்சம் ஆண்டுக்கு முந்தைய இடைப்பனிக்காலம்: 0.5 முதல் 1.5 டிகிரி, 5 முதல் 10 மீட்டர். அண்டார்டிகாவின் டோம் சி பனிக்கட்டியின் 8 லட்சம் ஆண்டில் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 300 பிபிஎம்-ஐத் தாண்டவில்லை, இன்று 420-க்கு மேல்.

இலைவிளிம்பு பதில்:

நிலத்துக்கு அமெரிக்காவின் வயோமிங்கிலுள்ள பிக்ஹார்ன் படுகையைவிட நல்ல இடம் இல்லை. ஆற்று வண்டல் தடிமனாக இருப்பதால் காலம் விரித்துக் கிடக்கிறது.

முதல் குதிரைகளில் ஒன்றான சிஃப்ரிப்பஸ் அங்கே பி.இ.டி.எம்.-இன் முதல் 1.3 லட்சம் ஆண்டில் சுமார் 30 சதவீதம் சுருங்கியது, 5.6 கிலோவிலிருந்து 3.9 கிலோவுக்கு. குளிர்ந்தபோது மறுபடி 7 கிலோவுக்கு ஏறியது. எடைக்கு எலும்புக்கூடு தேவையில்லை, கடைவாய்ப்பல்லின் பரப்பிலிருந்து கணக்கிடுகிறார்கள். அதே பல் எனாமலின் ஆக்ஸிஜன்-18 வெப்பநிலையைச் சொல்லும். உடலும் சூடும் ஒரே பல்லில் இருப்பதால் காலப்பொருத்தம் பற்றிய சண்டை இல்லை. பூச்சி கடித்த இலைகளின் பங்கும் பாதியைத் தாண்டியது, அதற்கு முன்பும் பின்பும் அவ்வளவு கடி இல்லை. அங்கிருந்த ஊசியிலை மரங்கள் காணாமல் போய், தெற்கிலிருந்து அவரைக் குடும்பத்துத் தாவரங்கள் ஏறி வந்தன, குளிர்ந்ததும் பழையவை திரும்பின. போகவும் வரவும் வழி திறந்திருந்தது, நேரமும் இருந்தது. அதே பயணத்துக்கு இன்று இடையில் வயலும் நெடுஞ்சாலையும் நகரமும் கிடக்கிறது. உங்கள் மாணவன் கேட்கும் 'பிழைத்தது' அந்த வழி, நேரம் இரண்டின் தயவில்தான்.

செய்முறை வேண்டுமானால் இலையையே எடுங்கள், செலவில்லை. மரவகை இருவித்திலைத் தாவரங்களில் விளிம்பு பல் இல்லாமல் மழமழவென்று இருக்கும் இனங்களின் பங்கு சூட்டோடு ஏறும்.

ஆண்டுச் சராசரி வெப்பநிலை = 1.14 + 30.6 × (மழவிளிம்பு இனங்களின் பங்கு)

30 இனத்தில் 18 மழவிளிம்பு என்றால் பங்கு 0.6, விடை 19.5 டிகிரி. மாணவர்கள் செய்யும் தவறுகள் எனக்கு மனப்பாடம்: இலைகளை எண்ணுவார்கள், எண்ண வேண்டியது இனங்களை. செடி, கொடி, புல்லைச் சேர்ப்பார்கள், மரமும் புதரும் மட்டும்தான் சேர்த்தி. நட்டு வளர்த்த அயல் மரங்களை விலக்க மறப்பார்கள். ஆற்றங்கரையில் மட்டும் பொறுக்கினால் பல்விளிம்பு கூடுதலாக வந்து வெப்பநிலை குறைவாகத் தெரியும்.

பிழையையும் அவர்களையே போடச் சொல்லுங்கள். பங்கை 'ஒன்று கழித்தல் பங்கு' என்பதால் பெருக்கி, இன எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 30.6-ஆல் பெருக்க வேண்டும். 30 இனத்துக்கு ±2.7 டிகிரி. அதே பங்கு 10 இனத்தில் கிடைத்தால் ±4.7. பத்தே இனத்தோடு நிறுத்தும் குழுவுக்கு பி.இ.டி.எம். அளவு சூடேற்றமே கண்ணில் படாது.